முதலில் பார்க்கிறவர்

ஜூன் 8, ஞாயிறு

விடியும் முன்பே எங்கள் நர்ஸ் ஜெசிந்தாவிடமிருந்து போன். அவள் கவனித்துக்கொள்ளும் நாச்சிமுத்து ஐயாவுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிட்டது, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது, கூப்பிட்டால் யாரென்று தெரியாமல் விழிக்கிறார் என்றாள். கன்னத்தின் உள்பக்கம் குளுக்கோஸைத் தடவிவிட்டாளாம். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. அவள் குரலில் பதற்றமே இல்லை.

மாடியிலிருந்து இறங்கிப் போய் அண்ணனை எழுப்பினேன். அவர்தான் கார் ஓட்டினார்.

"அண்ணா, அவருக்கு இன்சுலின் பழைய அளவுதானுங்களே போயிட்டிருக்கு? திடீர்னு எப்படித் தாழ்ந்துச்சு?" என்றேன்.

"டாக்டர் அளவைக் குறைச்சுட்டாராம் அம்மிணி. டொரண்டோல இருக்குற ஐயாவோட பொண்ணு வெள்ளிக்கிழமையே மெயில் போட்டிருந்துச்சு. பொள்ளாச்சி கல்யாணத்துல பந்தியில உக்காந்திருந்தப்ப போன்ல பாத்தேன். திங்கக்கிழமை ஆபீஸ் வந்து சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

முன்னால் போன பஸ்ஸுக்கு ஹாரன் அடித்தபடி இதைச் சொன்னார்.

ஐயா பிழைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு உடனே சர்க்கரை குடுக்கலைன்னா நிலைமை வேற மாதிரி ஆயிருக்கும்" என்றார் டியூட்டி டாக்டர். ஜெசிந்தா வராண்டா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

மதியம் துணி துவைத்தேன். வெண்டைக்காய் வாங்கி வைத்திருந்ததை மறந்து, ரசத்தோடு முடித்துக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

எங்கள் நிறுவனத்தின் பெயர் அன்னம் ஹோம் கேர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கோயமுத்தூரில் தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டுக்கு நர்ஸுகளை அனுப்புகிறோம். முதலாளி என் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி. நர்ஸுகளுக்கு டியூட்டி போடுவது உமர் ஃபாரூக். மீதி எல்லாம் நான்.

பிள்ளைகள் எதைச் சொல்வதானாலும் மெயிலில்தான் சொல்வார்கள். ஆபீஸுக்கு ஒரே மெயில் பெட்டி. என் கம்ப்யூட்டரிலும் உமரின் கம்ப்யூட்டரிலும் அண்ணனின் போனிலும் அது திறக்கும். படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். மூவரில் ஒருவர் தொட்டுவிட்டால் எழுத்து மெலிந்துவிடும். மெலிந்தால், யாரோ கவனித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படித்தான் இத்தனை வருஷமாக நடக்கிறது.

நோயாளியின் விவரம், மருந்து, டாக்டர் சொன்னது எல்லாம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பெயர் சிஆர்எம். வாடிக்கையாளர்களின் விவரத்தைப் பராமரிக்கும் மென்பொருள். நர்ஸ் தன் போனில் பார்க்கும் மருந்து அட்டவணை அதிலிருந்துதான் வருகிறது. மெயிலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இதில் வந்ததைப் படித்து அதில் நான் கையால் ஏற்ற வேண்டும். பந்தியில் மெலிந்துபோன மெயில், சனிக்கிழமை காலையில் பத்தோடு பதினொன்றாகக் கிடந்திருக்கிறது.

பதினோரு மணிவாக்கில் ஐயாவின் மகள் ஹேமலதா டொரண்டோவிலிருந்து கூப்பிட்டார். அவர் போட்ட சத்தம் ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. அண்ணன் நிதானமாகப் பதில் சொன்னார்.

"நர்ஸோட கவனக்குறைவுதாங்க மேடம். அந்தப் பிள்ளைய நிறுத்திட்டோம். இனிமே இப்படி நடக்காதுங்க."

போனை வைத்துவிட்டு, ஜெசிந்தாவை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை என்னை டைப் செய்யச் சொன்னார்.

"மெயிலை நீங்கதானுங்ணா பாத்தீங்க?"

"நான் எப்ப பாத்தேன்?"

"நேத்து கார்ல சொன்னீங்களே. பொள்ளாச்சிப் பந்தியில."

"என்னமோ கனவு கண்டுட்டு வந்து பேசாத. டைப் பண்ணு."

நான் டைப் செய்யவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரே டைப் செய்தார். "கவனக்குறைவு" என்பதில் 'க்' எங்கே வரும் என்று தேடிக்கொண்டிருந்தார். நான் சொல்லித் தரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஜெசிந்தா ஆபீஸுக்கு வந்தாள். யூனிஃபார்ம் இரண்டையும் துவைத்து, இஸ்திரி போட்டு, பையில் கொண்டுவந்திருந்தாள். வால்பாறை எஸ்டேட்டில் வளர்ந்தவள். முப்பது வயது இருக்கும். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஐடி கார்டு எங்கம்மா?" என்றார் அண்ணன்.

"அதைத் தரமாட்டேன் சார்."

"கம்பெனி பொருளும்மா அது."

"யூனிஃபார்ம் கம்பெனி பொருள், தந்துட்டேன். கார்டுல என் போட்டோ இருக்கு. அதை நானே கழட்டிக் குடுத்தா தப்பு பண்ணேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். போலீஸ்ல சொல்லி வாங்கிக்கோங்க."

அண்ணன் யூனிஃபார்ம் பையை மேசைக்கு அடியில் தள்ளினார். அவள் போகும்போது வாசல்வரை கூடப் போனேன்.

"சார்ட்ல என்ன இருந்துச்சோ அதைத்தான்க்கா போட்டேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்னக்கா ஆகப் போகுது?"

ஆட்டோ ஏறிவிட்டாள். அந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் வாடகைக்கு என்று போர்டு தொங்கியது. இறங்கிப் போய்த் தண்ணீர் வசதியெல்லாம் விசாரித்தேன். சும்மாதான். யாராவது கேட்டால் சொல்லலாமே.

ஜூன் 12, வியாழன்

சிஆர்எம் கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் போட்டேன். ஷர்மிளா என்றொரு பெண் எடுத்தாள். மெயில் வந்தவுடன் அது தானாக அந்தந்த நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், யார் திறந்தாலும் திறக்காவிட்டாலும். முடியுமா என்று கேட்டேன்.

"முடியும் மேடம். உங்க மெயிலையும் சிஆர்எம்மையும் இணைக்கணும், அவ்வளவுதான். நடுவுல ஒரு இணைப்புச் சேவை இருக்கு."

"எனக்கு கோடிங் தெரியாதும்மா. பி.காம்."

"கோடிங்கே வேண்டாம் மேடம். ஒரு பக்கம் 'இது நடந்தால்'னு இருக்கும், இன்னொரு பக்கம் 'இதைச் செய்'னு இருக்கும். பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்கறதுதான் வேலை. ஆனா தப்பாத் தேர்ந்தெடுத்தா தப்பாத்தான் செய்யும். அதனால கொஞ்சமா ஆரம்பிச்சு, சோதிச்சு சோதிச்சுப் போங்க."

அண்ணனிடம் சொன்னேன்.

"எதுக்கு அதெல்லாம்? மெயில் நான் பாக்கறேன், உனக்குச் சொல்றேன், நீ ஏத்தற. நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

"நாச்சிமுத்து ஐயா ஐசியூல இருந்தாருங்ணா."

"அது நர்ஸ் தப்பு. பேச்சு முடிஞ்சுது அதோட." காபியை ஊதிக் குடித்தார். "வர்றது எதுவா இருந்தாலும் முதல்ல நான் பாக்கணும் அம்மிணி. முதலாளின்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?"

சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. சிஆர்எம்மின் நிர்வாகக் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது. ஆரம்பித்த அன்று அண்ணன் பொறுமையில்லாமல் என் பெயரைப் போடச் சொன்னார். மெயிலின் பாஸ்வேர்டும் எனக்குத் தெரியும்; அவர் மறக்கும்போதெல்லாம் நான்தான் சொல்வேன். அதனால் இனி அனுமதி கேட்பதாக இல்லை.

ஜூன் 14, சனி

அண்ணன் பழனிக்குப் போயிருந்தார். காலையிலேயே இணைப்புச் சேவையில் கணக்குத் திறந்தேன். மெயில் பெட்டியைக் காட்டச் சொன்னது, காட்டினேன். இந்தப் பெட்டியைப் படிக்க அனுமதிக்கிறீர்களா என்றது, அனுமதித்தேன். சிஆர்எம்முக்கும் அப்படியே. 'இது நடந்தால்' என்ற இடத்தில் 'புதிய மெயில் வந்தால்' என்று தேர்ந்தெடுத்தேன். 'இதைச் செய்' என்ற இடத்தில் 'வாடிக்கையாளரைச் சேர்' என்று கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

மதியம் உமர் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு திரும்பினார்.

"அக்கா, புதுசா ஒரு பேஷண்ட் வந்திருக்காருங்க. பேரு 'உங்கள் கனவு இல்லம் இப்போதே'. எந்த நர்ஸ அனுப்பட்டும்?"

வங்கிக்கடன் விளம்பரம். அது மட்டுமா? மின்வாரிய ரசீது ஒரு நோயாளி. ஏசி மெக்கானிக் ஒரு நோயாளி. 'சேர்' என்று சொன்னேன், வந்ததையெல்லாம் சேர்த்துவிட்டது. உமர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, ஒவ்வொன்றாக நீக்கினேன். பிறகு முறையை மாற்றினேன். முதலில் அனுப்பியவரின் முகவரியை சிஆர்எம்மில் தேட வேண்டும். இருந்தால் மட்டும் அவருடைய பக்கத்தில் மெயிலை ஒட்ட வேண்டும். எனக்கும் உமருக்கும் ஒரு வேலையாகக் காட்ட வேண்டும். 'முடித்துவிட்டேன்' என்று ஒருவர் பெயரோடு குறிக்கும்வரை அந்த வேலை திரையை விட்டுப் போகாது.

ஜூன் 16, திங்கள்

இன்று நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

மெயில் போடுகிறவர்களுக்கு 'உங்கள் தகவல் கிடைத்தது' என்று உடனே ஒரு பதில் போனால் நன்றாக இருக்குமே என்று அதையும் இணைத்துவிட்டிருந்தேன். துபாயில் ஒரு வாடிக்கையாளர் விடுமுறையில் போயிருக்கிறார். அவர் மெயில் போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். எங்கள் பெட்டி 'கிடைத்தது' என்றது. அவர் பெட்டி 'நான் விடுமுறையில் இருக்கிறேன்' என்றது. எங்கள் பெட்டி அதற்கும் 'கிடைத்தது' என்றது. இரண்டும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன. அண்ணன் ரோட்டரி கூட்டத்தில் இருந்தார். அவர் போன் கூட்டம் முடியும்வரை விடாமல் கத்தியிருக்கிறது.

ஆபீஸுக்குள் செருப்போடு வந்தார்.

"யாரைக் கேட்டுப் பண்ணின?"

"யாரையும் கேக்கலீங்ணா."

"உனக்குக் கோடிங் தெரியுமா?"

"தெரியாது. தெரியாதவங்களுக்குன்னுதான் இதைப் பண்ணி வெச்சிருக்காங்க."

"அப்புறம் ஏன் இந்தக் கூத்து?"

"பழகறேன். தப்பு எங்கேன்னு தெரிஞ்சுது. அந்தப் பதிலை எடுத்துட்டேன். மத்தது இருக்கும்."

"இருக்காது. இன்னைக்கே எல்லாத்தையும் எடு. பாவம்னு வீட்டுல இடம் குடுத்தா..."

அங்கே நிறுத்திவிட்டார். உமர் தலையைக் குனிந்துகொண்டார். ஈரோட்டில் புகுந்த வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு நான் வந்து எட்டு வருஷமாகிறது. அண்ணன் ஒருநாள்கூட இதைச் சொன்னதில்லை. இன்றும் முழுதாகச் சொல்லவில்லை.

எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வடவள்ளி வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சமையலறையில் ஒருவர்தான் நிற்க முடியும். ஒருவருக்குப் போதும்.

ஜூன் 18, புதன்

இன்று பெரிய சோதனை. அந்த வெள்ளிக்கிழமை வந்த ஹேமலதாவின் மெயில் இப்போது வந்தால் என்ன ஆகும்? அவர் எழுதிய முகவரியை அப்படியே இணைப்பிடம் கொடுத்து, தேடச் சொன்னேன். உமர் பக்கத்தில் வந்து நின்றார்.

ஒன்றும் ஆகவில்லை. 'பொருத்தம் இல்லை' என்றது.

மறுபடியும் கொடுத்தேன். பொருத்தம் இல்லை. சிஆர்எம்மைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. எங்களிடம் பதிவாகியிருப்பது அவருடைய சொந்த முகவரி. அன்று அவர் எழுதியது அலுவலக முகவரியிலிருந்து.

"அப்போ இது அன்னைக்கே இருந்திருந்தாலும்..." என்று உமர் ஆரம்பித்தார்.

"ஆமா. போயிருக்காது."

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பத்து நாளாக மனதுக்குள் அண்ணனோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த வாதத்துக்கு ஒரு கால் ஒடிந்தது போல இருந்தது. ஆனால் ஒடிந்தது தெரிந்துவிட்டதே. தெரியாமல் நடந்துகொண்டிருந்தால்தான் ஆபத்து.

ஷர்மிளாவுக்குப் போன் போட்டேன். ஒவ்வொருவருக்கும் இரண்டாவது முகவரிக்கு இடம் ஒதுக்கச் சொன்னாள். எதிலும் பொருந்தாத மெயில்களைத் தூக்கிப்போடாமல் தனியாக ஒரு பட்டியலில் சேர்க்க வழி காட்டினாள். பட்டியலுக்குப் பெயர் வைக்கச் சொன்னது. 'இது யாருடையது?' என்று வைத்தேன். அந்தப் பட்டியலை மனிதர்கள்தான் பார்க்க வேண்டும். நானும் உமரும், தினமும், கடைசி வரிவரை.

மாலையில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். மெயில் வந்ததும் மருந்தளவு நேராக நர்ஸின் போனுக்கே போய்விட்டால் எப்படி என்று கேட்டேன்.

"வேண்டாம்க்கா. மெயில்ல ஒருத்தர் தப்பா எழுதிட்டா, நாங்க அதை அப்படியே ஊசியில ஏத்திருவோம். 'மாற்றம் வந்திருக்கு, ஆபீஸைக் கூப்பிடு'ன்னு மட்டும் வரட்டும். நீங்க டாக்டர்கிட்ட கேட்டு உறுதி பண்ணிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் ஊசியத் தொடமாட்டோம்."

அப்படியே அமைத்தேன். அவளுக்கு இன்னும் வேலை இல்லை. இருந்தும், இதை அவளிடம்தான் கேட்கத் தோன்றியது.

ஜூன் 20, வெள்ளி

மஸ்கட்டிலிருந்து ஒரு மெயில். அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி மாறியிருக்கிறதாம். அந்த அம்மாவின் பக்கத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது. உமரின் திரையில் வேலை வந்தது. சரவணம்பட்டியில் இருக்கும் நர்ஸ் உடனே கூப்பிட்டாள். அண்ணன் அதை முன்பே போனில் திறந்து பார்த்திருந்தார். அது எதையும் தடுக்கவில்லை.

உமர் கைதட்டினார். நான் எழுந்து டீ போட்டேன்.

ஜூன் 23, திங்கள்

ஹேமலதா வந்துவிட்டார். அப்பாவை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு நேராக ஆபீஸுக்கு. என் வயதுதான் இருக்கும். விமானத்தில் தூங்காத முகம்.

அண்ணன் எழுந்து நின்று வரவேற்றார். இளநீர் வரவழைத்தார். ஹேமலதா அதைத் தொடவில்லை.

"எங்கப்பா எப்படி சாகக் கிடந்தார்னு எனக்கு யாராவது சொல்லணும். நான் மெயில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை. அது எங்க போச்சு?"

"மேடம், அந்த நர்ஸ் சரியா கவனிக்கலைங்க. அன்னைக்கே நிறுத்தியாச்சு. புதுசா நல்ல அனுபவமான..."

"நர்ஸுக்கு அந்த மெயில் போகவே இல்லைங்க" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் அது நான்தான் என்று தெரிந்துவிட்டது.

"பிரபா, உள்ள போ."

"போறேன்ங்ணா. சொல்லிட்டுப் போறேன்." ஹேமலதாவைப் பார்த்துச் சொன்னேன். "உங்க மெயில் வெள்ளிக்கிழமையே வந்துருச்சுங்க. ஆபீஸ்ல திறந்தாச்சு. நர்ஸுக்கு யாரும் சொல்லலை. ஜெசிந்தா அட்டவணையில இருந்ததைத்தான் போட்டாங்க. விடியறப்ப உங்கப்பாவுக்கு வியர்த்ததைப் பாத்துக் காப்பாத்தினதும் அவங்கதான். டியூட்டி டாக்டரைக் கேட்டுப் பாருங்க."

"திறந்தது யார்?" என்றார் ஹேமலதா.

நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்வதற்கு அவருக்கு ஓர் இடம் விட்டேன். அவர் இளநீர்க் குடுவையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"எங்கண்ணன்" என்றேன்.

ஹேமலதா கைப்பையை எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். "உங்க சர்வீஸ் எங்களுக்கு வேண்டாம். அந்தப் பொண்ணோட நம்பர் மட்டும் குடுங்க" என்றார்.

நான் எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. இன்று ஆபீஸில் அண்ணன் பேசினார்.

"அந்த இணைப்பை எடு."

"மாட்டேன்ங்ணா."

"கஸ்டமர் முன்னால என்னைக் காட்டிக் குடுத்த. இப்ப மாட்டேன்ங்கற. நீ யார்னு நெனச்சுட்டிருக்க?"

"இங்க வேலை பாக்கறவ."

"அப்ப வேலைய விட்டுட்டுப் போ."

மெயில் பாஸ்வேர்டை அவரே மாற்றினார். பச்சை விளக்கு சிவப்பானது. 'இந்தப் பெட்டியுடன் தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்தது. என் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நேராக வடவள்ளிக்குப் போய் முன்பணம் கொடுத்தேன்.

ஜூன் 26, வியாழன்

வந்தபோது ஒரு பெட்டி. போகும்போது நான்கு. எட்டு வருஷத்தில் அவ்வளவுதான் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. உமர் தன் மச்சானின் குட்டியானை லோடு வண்டியைக் கொண்டுவந்தார். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். அண்ணி வெளியே வந்து, குக்கரையும் அரிசி மூட்டையையும் வண்டியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

புது வீட்டில் குழாய் சொட்டுகிறது. துணியைச் சுற்றிக் கட்டினேன். நன்றாகத் தூங்கினேன் என்று எழுதத்தான் ஆசை.

ஜூன் 28, சனி

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 2, புதன்

உமர் கூப்பிட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினார்.

"அக்கா, இங்க நடக்கறதைப் பாக்க நீங்க இல்லையேங்க்கா. நர்ஸுக எல்லாரும் சாரைக் கூப்பிடறாங்க. காலையில ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு போனு, ராத்திரி மாத்திரைக்கு முன்னாடி ஒரு போனு. 'சார், எங்க பேஷண்டுக்கு ஏதாச்சும் மெயில் வந்திருக்குங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார், நான் லைன்ல இருக்கேன்.' ஒருத்தி வெச்சா இன்னொருத்தி. சார் சாப்பிட முடியலை, குளிக்க முடியலை."

"யார் யோசனை இது?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். இப்போது நாச்சிமுத்து ஐயா வீட்டில்தான் இருக்கிறாள். ஹேமலதா நேரடியாகவே வேலைக்கு வைத்துக்கொண்டார். நர்ஸுகளின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை யாரும் இன்னும் நீக்கவில்லை.

"சத்தம் போடலைக்கா, ஸ்டிரைக் பண்ணலை. கேட்டுட்டு ஊசி போடறோம், அவ்வளவுதான். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களைத்தானே சொல்லுவாங்க? மெயிலை அவருதான் முதல்ல பாக்கணும்னா பாக்கட்டும். ஒவ்வொரு தடவையும் பாக்கட்டும்."

பின்னால் ஐயா யாரோடோ கேரம் பற்றிச் சண்டை போடும் குரல் கேட்டது.

ஜூலை 6, ஞாயிறு

அண்ணன் வந்தார். வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். உட்காரச் சொன்னேன். இருக்கிற ஒரே நாற்காலியைக் கொடுத்துவிட்டு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். ஆள் இளைத்திருந்தார். உட்கார்ந்த சற்று நேரத்தில் போன் அடித்தது. எடுத்தார். "இல்லம்மா, ஒண்ணும் வரலை. பாத்துட்டேம்மா. நல்லாப் பாத்துட்டேன்" என்று வைத்தார்.

"நீ வந்து அதைப் போட்டுக் குடு" என்றார்.

"போடலாம். ஜெசிந்தாவை நீக்கின கடிதத்தை ரத்து பண்ணணும். தப்பு அவங்களோடது இல்லைன்னு எழுத்துல குடுக்கணும்."

"ம்."

"உங்க சொந்த முகவரிக்கும் பாதிப்பேர் எழுதறாங்க. உங்களைத் தெரிஞ்சவங்க. அதுவும் இணையணும்."

"அது என் சொந்த மெயில் அம்மிணி."

"வர்ற கஸ்டமர் மெயில் மட்டும் இந்தப் பக்கம் வரட்டும். உங்க கல்யாணப் பத்திரிகையெல்லாம் எங்களுக்கு வேண்டாம்."

மறுபடியும் போன் அடித்தது. எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அடித்து ஓய்ந்தது. உடனே இன்னொன்று.

"சரி. நாளைக்கு வா. அப்படியே வீட்டுக்கும் வந்துரு. உங்க அண்ணி தினமும் கேக்கறா."

"ஆபீஸுக்கு வர்றேன்ங்ணா. அண்ணியப் பாக்கவும் வர்றேன். குடியிருக்கறது இங்கதான்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. காபி கொடுத்தேன். குடித்தார். போகும்போது, குழாய் சொட்டுகிறதே, பிளம்பரை அனுப்பட்டுமா என்று கேட்டார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

அண்ணனை என் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"நீயே பண்ணு. எனக்கு இதெல்லாம் வராது."

"கோடிங் வேண்டாங்ணா. தேர்ந்தெடுக்கறதுதான். நான் சொல்றேன், நீங்க பண்ணுங்க."

என் கை மவுஸில் படவில்லை. படக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஆபீஸ் பெட்டியை இணைத்தார். பிறகு தன்னுடையதை. 'இந்தப் பெட்டியைப் படிக்க அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்டது. அந்த இடத்தில் அவர் விரல் நின்றுவிட்டது.

"அப்ப இனி எதையும் நான் முதல்ல பாக்க முடியாதா?"

"பாக்கலாங்ணா. நாங்களும் பாப்போம்."

அழுத்தினார். பச்சை வந்தது. உமர் நர்ஸுகளின் குழுவில் செய்தி போட்டார். அதன்பிறகு அரை நாள் அண்ணனின் போன் அடிக்கவில்லை. அவர் அதை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார், கெட்டுப்போய்விட்டதோ என்பது போல.

மாலையில் ஜெசிந்தா வந்தாள். நின்றபடியே கடிதத்தைப் படித்தாள். மெதுவாகப் படித்தாள். படித்து முடித்து மேசையில் திருப்பி வைத்தாள்.

"இதுல 'மன்னித்து மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்கிறோம்'னு இருக்கு சார்."

"ஆமாம்மா. அதான் சேத்துக்கறோம்னு..."

"என்ன பண்ணினேன்னு மன்னிக்கறீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குத் திரும்பினார். அந்த வார்த்தையை அழித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'தவறு எங்கள் அலுவலகத்துடையது' என்று ஒரு வரி சேர்த்தார். பிரிண்டர் வழக்கம்போல ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத் தாளைத் தள்ளியது. கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ஜெசிந்தா மறுபடியும் முழுதாகப் படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"எப்ப இருந்தும்மா வர்ற?" என்றார் அண்ணன்.

"வரலை சார். ஐயா வீட்டுலயேதான் இருக்கப் போறேன்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கடிதம்?"

"இது என் பேருக்கு" என்றாள்.